நான் சொல்லிக் கொடுத்த உப்பு

சென்ற ஆடி மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. என் வாய்ச்சொல்லைக் கேட்டு ஒரு மனிதர் சாகக் கிடக்கலாம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அவர் பெயர் பெரியசாமி. ஊர் பூலாம்பாடி. அதற்கு மேல் அவரைப் பற்றி என் கையில் எதுவும் இல்லை.

திருமழபாடி வைத்தியநாதர் சந்நிதியில் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் என்னோடு நிற்கிற அன்பர்களே, நீங்கள் என்னிடம் கேட்டது வேறு. "கலியமூர்த்தி, ஒனக்கு வேல கெடச்சத எழுதிக் குடுப்பா, நாலு பேருக்கு நம்பிக்கையா இருக்கும்" என்றீர்கள். நான் எழுதுவது அதுவல்ல. படித்துவிட்டு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்தேன். துப்பாக்கி பிடித்த நாட்கள் குறைவு. ராணுவ மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எத்தனை வேளை என்று வகுத்துக் கொடுக்கிற டயட் பிரிவில்தான் முக்கால்வாசிக் காலம் போனது. அங்கே வேலை சுத்தமாக இருக்கும். டாக்டர் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, நோய் இன்னதென்று சீட்டில் எழுதி அனுப்புவார். அந்தச் சீட்டைப் பார்த்து நான் சாப்பாட்டை எழுதுவேன். சமையற்கூடத்தில் அப்படியே சமைத்து, தட்டில் வைத்து, கட்டிலுக்கே கொண்டுபோவார்கள். உப்பு டப்பா என் பார்வையில் இருக்கும். நோயாளியின் மனைவி யார், வீட்டில் அடுப்பு எப்படி என்றெல்லாம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை.

ஓய்வு பெற்று அரியலூருக்கு வந்த பிறகுதான் வெளியுலகம் என்ன என்று புரிந்தது. தபால் வழியில் ஊட்டச்சத்துப் படிப்பு முடித்திருந்தேன். சான்றிதழ்களை எல்லாம் ஃபைலில் போட்டுக்கொண்டு திருச்சி, தஞ்சாவூர், பெரம்பலூர் என்று ஏறி இறங்கினேன். எக்ஸ் சர்வீஸ்மேன் என்று சொன்ன உடனே எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். "செக்யூரிட்டி சூப்பர்வைசர் போஸ்ட் காலியா இருக்கு சார், டியூட்டில சேந்துக்கிறீங்களா?" சிமெண்ட் ஆலை, வங்கி, நகைக்கடை, எங்கே போனாலும் வாசலில் நிற்கச் சொன்னார்கள். "சார், நான் டயட்டீஷியன்" என்றால், "ராணுவத்துல அதுக்கெல்லாமா ஆள் வச்சிருக்காங்க?" என்று சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். இரண்டு இடத்தில் எழுந்து வந்துவிட்டேன்.

எட்டு மாதம் இப்படிப் போனது. என் மனைவி செல்வராணி இருப்பதை வைத்து வீட்டை ஓட்டினாள். ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் மழபாடி வந்து, "அப்பனே, நான் படிச்ச வேலையைக் குடு" என்று நந்திக்குப் பின்னால் நின்று கேட்டது உங்களுக்கே தெரியும். ஒன்பதாவது மாதம் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் தற்காலிகம், வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம். மேஜை மேல் என் பெயர்ப்பலகையை வைத்த அன்று நான் அழுதுவிட்டேன். அன்று சாயங்காலம் நேராகக் கோயிலுக்கு வந்து உங்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேனே, அந்த நாள்தான்.

இப்போது அந்த ஆடி வெள்ளிக்கு நாலு நாள் முந்தைய திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

வெளிநோயாளிகள் கூட்டம் அன்று அதிகம். டாக்டரம்மா ஒரு பெரியவரைப் பார்த்து, ரத்தக்கொதிப்பு என்று எழுதி, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, "டயட் ஆலோசனை" என்று என்னிடம் அனுப்பியிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வர சாயங்காலம் ஆகும். கடைசி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக முடியாது என்று அவர்கள் அவசரப்பட்டார்கள். ராணுவமாக இருந்தால் முடிவு வராத சீட்டு என் மேஜைக்கே வராது. இங்கே வந்தது. வந்ததால் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெரியவர்தான் பெரியசாமி. கூட வந்திருந்த அவர் மனைவி பெயர் அஞ்சலை. நல்ல கெட்டிக்காரி. நான் உப்பைக் குறைக்கச் சொன்னதும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உப்பில்லாம இவரு ஒரு வாயி எறக்க மாட்டாருங்க. தட்டத் தூக்கி எறிஞ்சுருவாரு. என்னதாங்க போட்டுச் சமைக்கறது?"

எனக்குள் இருந்த பெரிய அறிவாளி எழுந்துகொண்டான். சோடியம் குறைத்த உப்பு என்று ஒன்று கடைகளில் விற்கிறது. அதில் சாதாரண உப்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, பொட்டாசியம் சேர்ந்த உப்பைக் கலந்திருப்பார்கள். வெறும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு நல்லதுதான். ராணுவத்தில் முப்பது, நாற்பது வயது ஆட்கள், சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற உடம்புகள். அவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தப் பழக்கத்தில், தமிழில் நானே பெருமையாக அச்சடித்து வைத்திருந்த தாளை எடுத்து, அந்த உப்பின் பெயருக்குக் கீழே கோடு போட்டுக் கொடுத்தேன்.

"இதை வாங்கிப் போடுங்கம்மா. தாராளமாப் போடலாம்" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கும் நிறைவாக இருந்தது. மூன்று நாள் அந்த நிறைவோடுதான் சாப்பிட்டுத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஆய்வகத்தில் வேலை செய்கிற மலர்விழி என்ற பெண் ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தது. "சார், இந்தப் பெரியவரு ரிப்போர்ட் வாங்காமலே போயிட்டாரு. நீங்கதான் பாத்தீங்கன்னு சீட்டுல இருக்கு" என்றது.

பார்த்தேன். சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுது. ரத்தத்தில் பொட்டாசியம் திங்கட்கிழமையே எல்லைக்கு வெளியே நின்றது. சிறுநீரகம் பழுதான உடம்பு பொட்டாசியத்தை வெளியே தள்ளாது. அது ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனால், வலி, காய்ச்சல் எதுவும் காட்டாமல் இதயத்தை நிறுத்திவிடும். நான் அந்த மனிதருக்குப் பொட்டாசியம் உப்பைத் தாராளமாகப் போடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மலர்விழியைப் பதிவுச்சீட்டை எடுத்து வரச் சொன்னேன்.

பதிவுச்சீட்டில் இருந்த போன் நம்பருக்கு ஒன்பது இலக்கம்தான் இருந்தது. கடைசி எண் விட்டுப்போயிருக்கும் என்று அந்தப் பெண் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. நாலு நம்பர் உபயோகத்தில் இல்லை. எடுத்தவர்களில் ஒருவரும் பெரியசாமியைத் தெரிந்தவர் இல்லை. ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் திருச்சியில் இருந்தார். ரிப்போர்ட்டில் இருந்ததைச் சொன்னேன். "அவர உடனே வரச் சொல்லுங்க, எப்புடியாவது புடிங்க. நான் மூணு மணிக்கு அங்க இருப்பேன்" என்றார். உப்பைப் பற்றி நான் சொல்லவில்லை. தொண்டை வரை வந்தது. நிரந்தரம் ஆக இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. விழுங்கிவிட்டேன்.

மேனேஜரிடம் போய், பூலாம்பாடி போய்வருகிறேன் என்று கேட்டேன். "தெருப்பேரு கூட இல்லாம எங்க போயித் தேடுவீங்க? பதினஞ்சு நாள்ல திரும்ப வருவாருல்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்றார். அவருக்கு உப்பு விஷயம் தெரியாது. தெரிந்த நான், அவர் சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் நின்றேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. பதினைந்து நாளில் ஒன்றும் ஆகாமல் கூட இருக்கலாம். ஏதாவது ஆனாலும் யாருக்குத் தெரியப் போகிறது என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே என் மேல் அருவருப்பாகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பன்னிரண்டு மணி பஸ். எசனை, கிருஷ்ணாபுரம், அரும்பாவூர் என்று ஒவ்வொரு ஊரிலும் ஆடி வெள்ளிக் கூட்டம் ஏறியது; கையில் பால்குடமும் வேப்பிலையுமாகப் பெண்கள். டிரைவர் நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பெரியசாமியின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. உயரம் நினைவிருக்கிறது, எடை நினைவிருக்கிறது, இடுப்பளவு கூட நினைவிருக்கிறது. முகம் இல்லை. அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பேச்செல்லாம் அந்த அம்மா பேசினார், நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே வைத்துத்தான் வேண்டிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை, பதிகம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் பூக்கூடையோடு தூங்கி விழுந்துகொண்டிருந்தார். "வைத்தியநாதா, எட்டு மாசம் ஒங்கிட்ட அழுது வாங்குன வேலை. அது போனாப் போவட்டும். அந்த மனுஷன் உசுரோட இருக்கறப்பவே எனக்குக் காட்டிரு. வேற ஒண்ணும் கேக்கல." வேலையை விட்டுக் கொடுக்கிறேன் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பூலாம்பாடியில் இறங்கும்போது மணி ஒன்றே கால். டீக்கடையில் கேட்டேன்.

"எந்தப் பெரியசாமிங்க?" என்றார் கடைக்காரர். "பால்காரப் பெரியசாமியா, டெய்லர் பெரியசாமியா, கெழக்குத் தெருப் பெரியசாமியா? இந்தப் பெஞ்சுலயே ரெண்டு பேரு குந்தியிருக்காங்க பாருங்க."

உட்கார்ந்திருந்த இரண்டு பெரியசாமிகளும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

வயது அறுபது இருக்கும், மனைவி பெயர் அஞ்சலை என்றேன். அஞ்சலைகளும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் வழிகாட்ட, ஒரு வீட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்த பெரியசாமிக்கு ஆஸ்பத்திரிப் பக்கமே போன பழக்கம் இல்லை. இன்னொரு வீடு பூட்டியிருந்தது. பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து, அவர்கள் மூன்று மாதமாகச் சென்னையில் இருக்கிறார்கள் என்று சொல்லும்வரை. மணி இரண்டு ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். இந்நேரம் அந்த வீட்டில் தட்டு வைத்திருப்பார்கள் என்று நினைத்ததும் பாட்டுச் சத்தம் வந்த பக்கமாக ஓடினேன்.

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் பெரிய கூட்டம். ஒலிபெருக்கியில் பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. நேராகப் போய் மைக் வைத்திருந்த கோயில் நிர்வாகியிடம் விஷயத்தைச் சொன்னேன். அதாவது பாதி விஷயத்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன், பெரியசாமி என்பவருக்கு ஒரு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், அவசரம்.

அவர் பாட்டை நிறுத்தச் சொல்லி மூன்று முறை அறிவித்தார். "பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலேருந்து பெரியசாமியத் தேடி சார் வந்துருக்காரு, எங்கருந்தாலும் கோயிலுக்கு வரவும்." ஏழு பெரியசாமிகள் வந்தார்கள். ஒருவரும் என் ஆள் இல்லை. கூழ்ப் பாத்திரத்தோடு நின்ற கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. நிர்வாகி மறுபடி பாட்டைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"அண்ணே, அந்த மைக்கக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

"நான்தான் சொல்லியாச்சேங்க."

"நீங்க சொன்னது பத்தாதுங்க. இன்னம் ஒண்ணு இருக்கு. அத நான்தான் சொல்லணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மைக் கையில் கனத்தது. ராணுவத்தில் தப்புச் செய்தவன் வரிசைக்கு முன்னால் நிறுத்தப்படுவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. என் ஃபைலில் ஒரு சிவப்புக் கோடு கிடையாது என்று சொல்லிச் சொல்லித்தான் வேலை கேட்டேன். சொன்னால் இந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார், அதோடு முடிந்தது என்று தெரியும். வாயைத் திறந்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. எம் பேரு கலியமூர்த்தி. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில என்ன சாப்புடலாம், சாப்புடக் கூடாதுன்னு சொல்ற வேல எனக்கு. திங்கக்கெழம இந்த ஊருப் பெரியவரு ஒருத்தருக்கு நான் ஒரு உப்பு வாங்கிப் போடச் சொன்னேன். பாக்கெட்டு உப்பு, சோடியம் கொறஞ்சதுன்னு போட்டுருக்கும். ரிப்போர்ட்டப் பாக்காமச் சொல்லிட்டேன். அது தப்பு. அவரு கிட்னிக்கு அந்த உப்பு வெஷம். தப்பு எம் பேர்ல. அந்த உப்பு யாரு வூட்டுல இருந்தாலும் போடாதீங்க. அந்த வூடு தெரிஞ்சவங்க தயவு பண்ணி எனக்குக் காட்டுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு அம்மாள், "அடப் பாவி" என்றது தெளிவாகக் கேட்டது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார். கையில் கூழ்ச் சொம்பு. "அந்த உப்பா? பச்சைக் கலரு பாக்கெட்டுல வருமே, அதுதானுங்களே?" என்றார். ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிற துரைராஜ்.

"அதேதாங்க!"

"நம்மூர்ல அதெல்லாம் எவன் வாங்கறான். ஒரு அம்மா சீட்டக் கொண்டாந்து காட்டி, வேணும்னு ஒத்தக்கால்ல நின்னுச்சு. செவ்வாக்கெழம தம்மம்பட்டிக்குச் சரக்கெடுக்கப் போனப்ப ரெண்டு பாக்கெட்டு வாங்கியாந்து குடுத்தேன். அவங்க ஊருக்குள்ள இல்லைங்க. காட்டுக்கொட்டாய்ல இருக்காங்க. இந்த மைக்குச் சத்தம் அங்க கேக்காது. வாங்க, ஏறுங்க வண்டியில."

அன்பர்களே, இந்த இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்ட வரைக்கும் ஏழு பேர் வந்தார்கள், அவர் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. துரைராஜுக்கு அவர் பெயர் பெரியசாமி என்பதே தெரியாது. "மேக்காட்டு மாமா" என்றுதான் தெரியும். எதை மறைக்கவேண்டும் என்று காலையிலிருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தேனோ, அந்த உப்புதான் எனக்கு வழி காட்டியது. காட்டிரு என்று கேட்டேன். என் வாயைத் திறக்க வைத்துக் காட்டினான் ஈசன்.

துரைராஜின் ஆம்னி வண்டி வரப்போர மண்பாதையில் குதித்துக் குதித்துப் போனது. வெங்காயக் காட்டுக்கு நடுவே ஓட்டுக் கொட்டகை. வெளியே கயிற்றுக் கட்டிலில் ஒரு மனிதர் படுத்திருந்தார். அன்றைக்குத்தான் பெரியசாமியின் முகத்தை முதல் முறையாகப் பார்த்தேன். நெற்றியில் பழைய வெட்டுத் தழும்பு. இவ்வளவு பெரிய தழும்பு திங்கட்கிழமை என் கண்ணில் படவே இல்லை.

அஞ்சலை அம்மா என்னைக் கண்டதும் சந்தோஷமாக ஓடிவந்தார். "சார், நீங்களே வந்துட்டீங்களா! நீங்க சொன்ன உப்புதாங்க போடறேன். கசக்குதுன்னாரு. கொழம்புல இன்னங்கொஞ்சம் சேத்துப் போட்டேன். நீங்கதான் தாராளமாப் போடலாம்னீங்களே. நேத்துலேருந்து காலு துவளுதுங்கறாரு. தெம்பு இல்லன்னு காலையில எளநி ரெண்டு வெட்டிக் குடுத்தேன்."

இளநீர். அதிலும் பொட்டாசியம்தான். முடியாதவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அதைக் கொடுக்காதீர்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

நாடி பார்த்தேன். மெதுவாக, விட்டு விட்டு அடித்தது. "காலு ரெண்டும் என்னுது மாரி இல்லீங்க தம்பி" என்றார் பெரியவர். அவரை நானும் துரைராஜும் தூக்கி வண்டியில் கிடத்தினோம். கொட்டகைக்குள் மூடி வைத்திருந்த சோறும் குழம்பும் அப்படியே இருந்தன. வாய்க்குப் பிடிக்கவில்லை என்று மத்தியானம் சாப்பிட மறுத்துவிட்டாராம்.

பெரம்பலூர் வரை வந்த அந்தப் பாதையை நான் உயிரோடு இருக்கும்வரை மறக்க மாட்டேன். ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். இந்தத் தடவை முழுதாகச் சொன்னேன், உப்பு உட்பட. "வழியில எங்கயும் நிக்காதீங்க. நேரா வாங்க. ஊசியெல்லாம் தயாரா வைக்கிறேன்" என்றார்.

ஒவ்வொரு துடிப்புக்கும் "வைத்தியநாதா" என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அரும்பாவூரைத் தாண்டியதும் ஒரு துடிப்பு வரவே இல்லை. என் கையில் எதுவும் இல்லை. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். பிறகு வந்தது. கிருஷ்ணாபுரத்தில் பால்குட ஊர்வலம் ரோட்டை அடைத்திருந்தது. துரைராஜ் தலையை வெளியே நீட்டி, "தாயீ, உசுரு போவுது, வழிய விடுங்க!" என்று கத்தினார். குடத்தோடு பெண்கள் இரண்டாகப் பிரிந்து ஒதுங்கினார்கள். ஒரு அம்மாள் கையிலிருந்த வேப்பிலையை ஜன்னல் வழியாகப் பெரியவர் மேல் போட்டது.

அஞ்சலை அம்மா என்னைப் பார்த்து, "ஏன் சார் நீங்க அழுவுறீங்க?" என்று கேட்டார்.

"ஒங்க மேல எந்தத் தப்பும் இல்லம்மா. நான் சொன்ன உப்புதான் இவர இப்புடிப் படுக்க வச்சிருச்சு. பாக்காமச் சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் முகம் இறுகியது. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் புருஷனின் காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "அத அப்புறம் பேசிக்கலாம். கையி சில்லுன்னு இருக்கு, நல்லாப் புடிச்சுக்கங்க" என்றார்.

மூன்றரை மணிக்குச் சேர்ந்தோம். வாசலிலேயே டாக்டரம்மா நின்றார். ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. இதயத்தைக் காப்பாற்ற ஊசி போட்டார்கள், பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றினார்கள். ஆறு மணிக்குத் திருச்சிக்கு அனுப்பி டயாலிசிஸ் செய்தார்கள். "இன்னும் ஒரு வேளை அந்தக் கொழம்பச் சாப்புட்டுருந்தா, நாம பேச ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் டாக்டரம்மா. பிறகு, "இத காலையில போன்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"பயம் மேடம். வேலை போயிரும்னு பயம்."

அவர் ஈ.சி.ஜி. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் பெரியசாமி ஐயா நடந்தே வீட்டுக்குப் போனார். சிறுநீரகம் முழுதாகச் சரியாகாது, மருந்தும் பத்தியமும் வாழ்நாள் முழுக்க உண்டு. ஆனால் ஆள் இருக்கிறார். வெங்காயத்துக்குக் களை வெட்டக் கூலிக்காரர்களை விரட்டுகிற அளவுக்கு இருக்கிறார்.

நான் அச்சடித்த தாள்களை எல்லாம் நானே கிழித்துப் போட்டேன். இப்போது யார் வந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்கிறேன். அப்புறம் ரிப்போர்ட்டைக் கேட்கிறேன். ரிப்போர்ட் வரவில்லை என்றால், பஸ் போனாலும் பரவாயில்லை, உட்காருங்கள் என்கிறேன். வீட்டில் சமைப்பது யார், உப்பு எங்கே வாங்குகிறீர்கள், முடியாதபோது என்ன கொடுப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். ராணுவத்தில் என் சமையற்கூடம் ஒன்றுதான். இங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சமையற்கட்டு இருக்கிறது, அதில் ஒரு அஞ்சலை அம்மா நிற்கிறார், நான் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நடுக்கம்தான்.

போன வாரம் அவர்கள் இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். என் அறை வாசலில் அஞ்சலை அம்மாவைக் கண்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து புது ரிப்போர்ட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நல்லாப் படிச்சுப் பாருங்க சார். அவசரமே இல்ல. பாத்துட்டு, நான் என்ன போட்டுச் சமைக்கட்டும்னு சொல்லுங்க" என்றார்.

என்னிடம். மறுபடியும் என்னிடமே வந்து கேட்டார். வேலை கிடைத்த அன்று கூட நான் இவ்வளவு அழவில்லை.

என் வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தெரியாது. நடந்ததை எல்லாம் எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். டாக்டரம்மாவும் அங்கே இருப்பார். அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. செல்வராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போனாப் போவுதுங்க, மறுபடியும் தேடிக்கலாம்" என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு சாட்சி சொல்வதுதான் வழக்கம். நான் வேண்டுமென்றேதான் திங்கட்கிழமைக்கு முன்னால் எழுதிக் கொடுக்கிறேன். வேலை நிலைத்துவிட்டால், அதற்காக நன்றி சொல்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் நினைத்துவிடுவேன். போய்விட்டால் எழுத மனம் வராது. இன்றைக்கு என் நன்றியில் கலப்படம் இல்லை. நான் கேட்டது ஒன்று, அது பூலாம்பாடியில் வெங்காயக் காட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

உங்களில் யாருக்காவது நெஞ்சுக்குள் ஒரு தப்பு இருந்து அறுத்துக்கொண்டிருந்தால், அதை மறைத்து வைத்துக்கொண்டு ஈசனிடம் வேறொன்றைக் கேட்காதீர்கள். அதையே எடுத்து அவன் முன்னால் வையுங்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடமும் போய்ச் சொல்லுங்கள், அன்றைக்கே. அவன் கைவிட மாட்டான். திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அந்த அறைக்குள் போகும்போது இதை நம்பித்தான் போகிறேன்.